வேலை வருதுன்னா, யார் பேருக்கு வருது?

(சென்னை மயிலாப்பூரில் நடந்த குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் எங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



விடியற்காலை பஸ் ஏறி, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

கடந்த சில மாதங்களாக நாங்கள் போகிற ஊர்களில் ஒரே மாதிரிக் கேள்வி வருகிறது. ஒரு ஊரில் பீடிக் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் குழுத் தலைவியைப் பார்த்திருக்கிறார். "கம்பெனியைப் பெரிசு பண்றோம். உங்க ஊர்ல புதுசா ஒரு கடை திறக்கலாம்னு இருக்கோம். அறுபது பொம்பளைங்களுக்கு வேலை கிடைக்கும். குழுக் கட்டடத்தைக் கொடுங்க, ஆள் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். குழுவில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். "நீங்க சொல்லுங்க, ஒத்துக்கலாமா கூடாதா?" என்று எங்களிடம் கேட்டார்கள்.

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல நாங்கள் யார்? அடுப்பு எரிய வேண்டியது உங்க வீட்டில். ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. அந்த ஆழத்தைக் காட்டுகிற வேலையைத்தான் இன்று செய்யப் போகிறோம். புகையிலைத் தொழிலில் "கம்பெனி பெரிசாகுது, வேலை வருது" என்று நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். சொன்ன இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

மெஷின் வந்த கதை

முதலில் சிகரெட். ஒரு காலத்தில் சிகரெட்டையும் கையால்தான் சுற்றினார்கள். கைதேர்ந்த ஆள் நிமிஷத்துக்கு நாலு சுற்றுவார். அமெரிக்காவில் ஜேம்ஸ் பான்சாக் என்கிற இளைஞர் ஒரு மெஷினைக் கண்டுபிடித்து 1881இல் காப்புரிமை வாங்கினார். அது நிமிஷத்துக்கு 200 சிகரெட் போட்டது. கணக்குப் போடுங்கள். ஏறக்குறைய ஐம்பது பேர் வேலையை ஒரு மெஷின் செய்துவிட்டது. இன்றைக்குப் பெரிய ஆலைகளில் இருக்கிற மெஷின் ஒன்று, நிமிஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் போடுகிறது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சிகரெட் ஆலை இரண்டு மடங்கு பெரிசானால் வேலையும் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்கக் கூடாது. புதுக் கட்டடம் வரும், புது மெஷின் வரும், உற்பத்தி கூடும். ஆள் எண்ணிக்கை அப்படியே நிற்கலாம், குறையவும் செய்யலாம். இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் 1910இல் கொல்கத்தாவில் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ஐ.டி.சி. நாட்டிலேயே பெரிய சிகரெட் கம்பெனி அது. பிறகு அதுவே ஓட்டல், பிஸ்கட், கோதுமை மாவு, நோட்டுப் புத்தகம் என்று பல தொழில்களுக்குப் போனது. முதலாளியே ஒரே சரக்கை நம்பி உட்காரவில்லை பாருங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்ம தமிழ்நாட்டிலும் ஒரு கதை இருக்கு. நீங்கள் வரும் வழியில் அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசாவைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் கடை வைத்திருந்த ஸ்பென்சர் கம்பெனி, வெள்ளைக்காரன் காலத்தில் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. திருச்சி உறையூரிலும் சுருட்டுத் தொழில் கொடிகட்டிப் பறந்தது. சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போனது. இன்று அது சின்னத் தொழிலாகச் சுருங்கிவிட்டது. குடிக்கிறவர்களின் பழக்கம் மாறியது, தொழிலும் சுருங்கியது.

பீடி ஏன் வீட்டுக்கு வந்தது?

"சிகரெட் மெஷின் சமாச்சாரம். பீடி கைவேலைதானே, அதில் ஆள் தேவைதானே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இந்தியாவில் சுமார் 50 லட்சம் பீடித் தொழிலாளர்கள் இருப்பதாக மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. பெரும்பாலோர் பெண்கள். நம் மாநிலத்தில் திருநெல்வேலி, தென்காசி, வேலூர் பக்கம் போனால் தெருத்தெருவாகச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பீடி முன்பு இப்படி வீட்டில் மட்டும் சுற்றப்படவில்லை. தொழிற்கூடங்களில் வரிசையாக உட்கார்ந்து சுற்றினார்கள். பெரும்பாலும் ஆண்கள். அப்படி இருந்த வேலை எப்படி நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தது?

1966இல் மத்திய அரசு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. தொழிற்கூடத்துக்கு லைசென்ஸ் வேணும், வேலை நேரத்துக்கு வரம்பு வேணும், சம்பளத்தோடு லீவு கொடுக்கணும், பிரசவ காலப் பயன் கொடுக்கணும் என்றெல்லாம் அதில் இருந்தது. சட்டம் வந்ததும் பல முதலாளிகள் என்ன செய்தார்கள்? தொழிற்கூடத்தை மூடிவிட்டு, இலையையும் தூளையும் ஏஜெண்ட் மூலமாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டில் சுற்றினால் வாடகை இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை, கக்கூஸ் கட்ட வேண்டியதில்லை. யாராவது கேட்டால், "அவங்க என் தொழிலாளி இல்லை, ஏஜெண்டுகிட்ட சரக்கு வாங்குறேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிடலாம்.

உண்மையில் சட்டம் அந்த ஓட்டையையும் அடைத்துத்தான் எழுதப்பட்டது. ஏஜெண்ட் கொடுத்தாலும் கம்பெனி கொடுத்தாலும், இலை, தூள் வாங்கி வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று அதில் இருந்தது. கம்பெனிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பிறகு பி.எஃப். பணம் வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் உண்டா என்று ஒரு வழக்கு. 1985இல் உச்ச நீதிமன்றம், உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. ஆக சட்டத்தின் கண்ணில் நீங்கள் தொழிலாளி. ஆனால் ரிஜிஸ்டரில் உங்கள் பெயர் இருந்தால்தானே அது பலிக்கும்? ஒருத்தி பெயரில் புத்தகம், சுற்றுகிறது மூன்று பேர் என்று எத்தனை வீடுகளில் நடக்கிறது! மாமியார் பெயரில் கார்டு, மருமகள் சுற்றுகிறாள். மாமியார் காலமானால் மருமகளின் பத்து வருஷ உழைப்புக்கு ஒரு துண்டுச் சீட்டு சாட்சி கிடையாது.

அதனால்தான் தலைப்பிலேயே கேட்டோம்: வேலை வருதுன்னா, யார் பேருக்கு வருது?

கண்ணூரில் நடந்தது

இதே சட்டம் கேரளத்தில் அமலுக்கு வந்தபோது, கண்ணூர்ப் பக்கத்தில் தொழிற்கூடம் நடத்திய மங்களூர்க் கம்பெனிகள் 1968இல் இழுத்து மூடின. சுமார் 12,000 பேர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அரசாங்கத்தின் கடனுதவியோடு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி பிறந்தது.

அங்கேயும் தொழில் விரிவடைந்தது. உச்சத்தில் இருந்த காலத்தில் 42,000 பேர் வரை வேலை பார்த்தார்கள். ஆனால் அந்த விரிவாக்கம் வேறு மாதிரி. வீட்டுத் திண்ணைக்குத் தள்ளவில்லை, கூடத்தில் உட்கார்ந்து சுற்றினார்கள். பி.எஃப்., பணிக்கொடை, போனஸ், சம்பளத்தோடு லீவு, பிரசவ உதவி, மலிவு விலையில் மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. கை சுற்றிக்கொண்டிருக்கும், காது சும்மாதானே இருக்கு? ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் கதையும் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். சங்கத்தை நடத்தியவர்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரே பீடி, ஒரே இலை, ஒரே தூள். ஒரு இடத்தில் அது மரியாதையான வேலை, இன்னொரு இடத்தில் கணக்கில் வராத வேலை. வித்தியாசம் சரக்கில் இல்லை, யார் கையில் நிர்வாகம் இருக்கு என்பதில்தான் இருக்கு.

சகோதரிகளே, கதை இத்துடன் முடிந்திருந்தால் "நாமும் ஒரு பீடிச் சங்கம் வைப்போம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். முடியவில்லை. கூலி குறைந்த இடங்களில் வீட்டில் சுற்றி வந்த மலிவான பீடியோடு தினேஷ் போட்டி போட வேண்டியிருந்தது. பீடி குடிக்கிற பழக்கமும் குறைந்துகொண்டே வந்தது. நல்ல நிர்வாகம் இருந்தும், ஒற்றுமை இருந்தும், ஆள் எண்ணிக்கை வருஷா வருஷம் இறங்கியது. இன்று பழைய எண்ணிக்கையில் மிகச் சிறிய பங்குதான்.

அப்போது அவர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். 1990களின் கடைசியிலேயே வேறு தொழில்களுக்குப் போக ஆரம்பித்தார்கள். தேங்காய்ப் பால், மசாலாப் பொடி, ஊறுகாய், குடை, ஆயத்த ஆடை என்று சங்கம் கிளை பரப்பியது. எல்லோருக்கும் மாற்று வேலை கொடுக்க முடிந்ததா? இல்லை. ஆனால் சங்கம் சாகவில்லை. பீடிப் பணம் கையில் இருக்கும்போதே பீடியைத் தாண்டி யோசித்ததால் பிழைத்தது.

கடல் தாண்டி ஒரு உதாரணம்

இந்தோனேசியாவில் கிராம்பு போட்ட சிகரெட்டைக் கையால் சுற்றுவார்கள். வீட்டில் இல்லை, பெரிய தொழிற்சாலையில், ஆயிரக்கணக்கான பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து. சம்பூர்னா என்கிற பெரிய கம்பெனி அதில் முன்னணி. 2005இல் அமெரிக்காவின் பிலிப் மோரிஸ் அதை வாங்கியது. 2014இல், மக்கள் மெஷின் சிகரெட்டுக்கு மாறிவிட்டார்கள் என்று சொல்லி, கிழக்கு ஜாவாவில் ஜெம்பர், லுமாஜாங் என்ற இரண்டு ஊர்களில் கைச்சுற்று ஆலைகளை மூடினார்கள். 4,900 பேருக்கு வேலை போனது.

ஒரு ஊரே ஒரு ஆலையை நம்பி இருந்தால், ஆலை மூடுகிற அன்றைக்கு வேலை மட்டுமா போகிறது? ஆலை வாசலில் இட்லிக்கடை மாதிரி கடை போட்டிருந்தவர், வாடகை வீடு விட்டவர், ஆட்டோ ஓட்டினவர் எல்லோருக்கும் அடி. வேலை வரும்போது எத்தனை பேருக்கு வருது என்று எண்ணுகிறோம். போகும்போது எத்தனை பேருக்குப் போகும் என்றும் எண்ணிப் பார்க்கணும்.

சென்னையில் மூன்று இடங்கள்

நீங்கள் வந்திருக்கிற இந்த ஊரிலேயே நமக்குப் பாடம் சொல்கிற மூன்று இடங்கள் இருக்கு.

முதல் இடம், நாம் உட்கார்ந்திருக்கிற மயிலாப்பூர். ஜெயா அருணாசலம் அம்மா 1978இல் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் இயங்கியது இங்கேதான். குப்பத்துப் பெண்கள், காய்கறிக்காரம்மா, இட்லி சுடுகிறவர்கள் என்று 800 பேரோடு தொடங்கியது. பிறகு வேலூர்ப் பக்கம் பீடி, ஊதுவத்தி சுற்றுகிற பெண்கள் வரைக்கும் போனது. அந்தப் பெயரைக் கவனியுங்கள்: உழைக்கும் பெண்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளை "சும்மா வீட்ல இருக்கா" என்று ஊர் சொல்லும். கணக்கெடுக்க வருகிறவரும் "இல்லத்தரசி" என்று எழுதிவிட்டுப் போவார். நீ சும்மா இல்லை, நீ தொழிலாளி என்று சொல்வதுதான் முதல் படி. அதைத் தனியாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கூட்டமாகச் சொன்னால் கேட்பார்கள்.

இரண்டாவது இடம், தியாகராய நகர். ரங்கநாதன் தெருவில் துணி வாங்கணும் என்று நீங்கள் எல்லோரும் திட்டம் போட்டிருப்பது எங்களுக்குத் தெரியும்! போகும்போது அங்கே வேலை செய்கிற பெண்பிள்ளைகளைப் பாருங்கள். எத்தனையோ பேர் நம் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கடை மேலே கடை, மாடி மேலே மாடி, ஆயிரக்கணக்கில் வேலை. ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றுகொண்டே இருக்கணும். உட்கார ஒரு நாற்காலி கொடு என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு உட்கார முடியவில்லை, பீடி சுற்றுகிற பெண்ணுக்கு எழுந்திருக்க முடியவில்லை. வேலையின் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறவர்கள் இடுப்பையும் காலையும் பற்றிப் பேச மாட்டார்கள். நாம்தான் பேசணும்.

மூன்றாவது இடம், அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவின் முயற்சியால் 1954இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்கே இருக்கு. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். டாக்டர் சாந்தா அம்மா 2021இல் மறைகிற வரைக்கும் அங்கேயே வாழ்ந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். அந்த வாசலில் தலையணையும் தூக்குச் சட்டியுமாக உட்கார்ந்திருக்கிற குடும்பங்களைப் பார்த்தால், புகையிலைக்கான முழு விலை எங்கே வசூலாகிறது என்று புரியும். இந்தியாவில் புகையிலையால் ஆண்டுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடிக்கிறவர் நம் வீட்டு ஆண்கள். சுற்றுகிறவர் நாம். தூசியை முகர்கிறவர் நாமும் நம் மடியில் படுத்திருக்கிற குழந்தையும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவரும் நாம்தான். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற கதை.

இதைச் சொல்வது பீடி சுற்றுகிற சகோதரிகளைக் குற்றம் சொல்ல இல்லை. அந்தப் பணத்தில் பிள்ளையை நர்சிங் படிக்க வைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். தலை குனிய வேண்டியது நீங்கள் இல்லை.

மணிக்கு எவ்வளவு?

இப்போது எல்லோரும் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுங்கள். உங்க ஊர்த் தொகை வேறாக இருக்கும், முறை ஒன்றுதான். ஆயிரம் பீடிக்கு 280 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

கம்பெனி கொடுத்த இலை போதவில்லை, கடையில் வாங்கினோம், 20 ரூபாய் போச்சு. ஏஜெண்ட் ஐம்பது பீடியைக் கழித்துவிட்டார், 14 ரூபாய் போச்சு. கையில் வருவது 246 ரூபாய். எத்தனை மணி நேரம்? நீங்கள் சுற்றியது 10 மணி நேரம். அத்தை இலை வெட்டியது 2 மணி நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் முனை மடக்கியது 2 மணி நேரம். மொத்தம் 14 மணி. 246ஐ 14ஆல் வகுங்கள். மணிக்கு 18 ரூபாய்கூட இல்லை.

அந்தப் பெண்பிள்ளையின் 2 மணி நேரத்தைக் கொஞ்சம் நினையுங்கள். அது வீட்டுப்பாடம் எழுத வேண்டிய நேரம். 1990களில் அன்றைய வடாற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில், சில நூறு, சில ஆயிரம் ரூபாய் கடனுக்காகப் பிள்ளைகளையே பீடி சுற்ற அடகு வைத்த கொடுமை நடந்தது. 1996இல் ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பின் அறிக்கையில் அது பதிவாகி உலகத்துக்கே தெரிந்தது. அந்தத் தாய்மார்கள் கல்நெஞ்சக்காரிகளா? இல்லை. ஆத்திர அவசரத்துக்கு வேறு கடன் கிடைக்கவில்லை, அதுதான் காரணம். இன்று உங்கள் குழுவில் சந்தா கட்டி, உள்கடன் கொடுத்து வாங்குகிறீர்களே, அது சின்ன விஷயமில்லை. ஏஜெண்டிடம் முன்பணம் வாங்காமல் பேச முடிகிற தைரியம் அதிலிருந்துதான் வருகிறது.

இப்போது என்ன நிலைமை?

இரண்டு மாற்றங்களை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கணும்.

ஒன்று, வரி. பீடி இலைக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், பீடிக்கு 2026 பிப்ரவரி 1 முதல் 28இலிருந்து 18 ஆகவும் குறைந்தது. வரிச்சுமையால் தொழிலாளர் பிழைப்புப் போகிறது என்று சொல்லித்தான் குறைக்கக் கேட்டார்கள். நல்லது. நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: வரி குறைந்த பிறகு ஆயிரம் பீடிக்கு உங்க கூலி எவ்வளவு கூடியது? பாஸ்புத்தகத்தை எடுத்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு பீடி மீது தனியாக ஒரு நலவரி இருந்தது. தொழிலாளர் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை, வீடு கட்ட உதவி எல்லாம் அந்த நிதியிலிருந்து வந்தன. திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் இருக்கிற பீடித் தொழிலாளர் மருத்துவமனை பலருக்குத் தெரியும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த நலவரி எடுக்கப்பட்டது. திட்டங்களுக்கு அரசு பட்ஜெட்டிலிருந்துதான் பணம் வரணும். ஆகவே கேட்கிற குரல் பலமாக இருக்கணும்.

இரண்டு, சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1966ஆம் வருஷச் சட்டம் தனியாக இல்லை, அவற்றில் ஒன்றுக்குள் போய்விட்டது. வேலைக்கு எழுத்துப்பூர்வமான நியமனக் கடிதம், குறைந்தபட்சக் கூலி, கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி என்று அரசு அறிவித்திருக்கிறது. சட்டப் புத்தகத்தின் பெயர் மாறலாம். ஆனால் காகிதத்தில் உங்க பெயர் இல்லையென்றால் எந்தச் சட்டமும் உங்களைத் தேடி வீட்டுக்கு வராது.

ஏஜெண்டிடம் கேட்க ஐந்து கேள்விகள்

பீடியோ, முந்திரியோ, தையலோ, எந்தக் கம்பெனி வந்து "வேலை தர்றோம்" என்றாலும் குழுவில் உட்கார வைத்து இந்த ஐந்தையும் கேளுங்கள். பதிலை மினிட் புத்தகத்தில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஒன்று: எத்தனை பேருக்கு வேலை? எத்தனை நாளைக்கு? மெஷின் வந்தால் என்ன செய்வீர்கள்?

இரண்டு: யார் பெயர் ரிஜிஸ்டரில் ஏறும்? சுற்றுகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடையாள அட்டை, நியமனக் கடிதம், பி.எஃப். எண் உண்டா?

மூன்று: கூலி என்ன கணக்கு? இலை குறைந்தால் யார் பொறுப்பு? கழித்த சரக்கு யாருக்குச் சொந்தம்? கழித்துவிட்டு அதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

நான்கு: உடம்புக்கு என்ன ஏற்பாடு? தூள் வைக்கிற இடம், காற்றோட்டம், கக்கூஸ், மருத்துவப் பரிசோதனை.

ஐந்து: பத்து வருஷம் கழித்து இந்தச் சரக்கு விற்குமா?

ஐந்தாவது கேள்விக்கு ஏஜெண்ட் பதில் சொல்ல மாட்டார். அதற்குப் பதில் நாம்தான் தேடணும். பீடி குடிக்கிற பழக்கம் குறைவது நம் வீட்டு ஆண்களின் உயிருக்கு நல்லது. அது குறையக் கூடாது என்று நாம் வேண்டிக்கொள்ள முடியுமா? முடியாது. அப்படியென்றால் அந்த வேலைக்கு ஒரு முடிவு இருக்கு என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்னால் நாம் தயாராகணும். ஐ.டி.சி. முதலாளியும் அதைத்தான் செய்தார், கண்ணூர்த் தொழிலாளியும் அதைத்தான் செய்தார். நாம் மட்டும் ஏன் செய்யக் கூடாது?

குழு என்ன செய்யலாம்?

இன்று பீடி சுற்றுகிறவர்கள் நாளைக்கே நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நிறுத்தினால் சனிக்கிழமைச் சந்தைக்குக் காசு யார் கொடுப்பது? ஆனால் மூன்று வேலைகளை உடனே ஆரம்பிக்கலாம்.

சுற்றுகிறவர்கள் எல்லோரும் பாஸ்புத்தகத்தையும் அட்டையையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். யாருக்கு இல்லை என்று பட்டியல் எடுங்கள். பட்டியலோடு ஒரு ஆளாகப் போகாமல் குழுவாகப் போய்க் கேளுங்கள். கூட்டமைப்பிலிருந்து நாங்களும் வருகிறோம்.

அடுத்து, குழுக் கட்டடத்தையோ சேமிப்பையோ எந்தக் கம்பெனிக்கும் சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள். கட்டடம் வேணும் என்றால் வாடகை ஒப்பந்தம் எழுதட்டும். ஒரே கூரையின் கீழ் அறுபது பேர் உட்கார்ந்தால் அது உங்களுக்குப் பலம். கழிவைப் பற்றியும் இலையைப் பற்றியும் அறுபது வாய் ஒன்றாகக் கேட்கும். அந்தப் பலத்தை இலவசமாக விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதாக, பீடி சுற்றுகிற வீட்டுக்கு உள்கடன் கொடுக்கும்போது, அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போக உதவுகிற கடனுக்கு முன்னுரிமை கொடுங்கள். கறவை மாடு, தையல் மெஷின், பெண்ணின் படிப்பு, எது உங்க ஊருக்குச் சரிப்படுமோ அது. பிளஸ் டூ முடித்த பெண்ணை இன்று சுளகின் முன்னால் உட்கார வைத்தால் இந்த மாதம் பணம் வரும். பயிற்சிக்கு அனுப்பினால் இரண்டு வருஷம் கழித்துத்தான் வரும். அந்த இரண்டு வருஷத்தைத் தாங்கிப் பிடிக்கத்தான் குழு இருக்கிறது.

வேலை வேண்டாம் என்று சொல்கிற வசதி நமக்கு இல்லை. ஆனால் எந்த வேலை, எந்தக் கூலிக்கு, யார் பெயரில் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வங்கி மேனேஜர் முன்னால் நிற்கவே பயந்த நாம், இன்று அவரையே நம்ம கூட்டத்துக்கு வரவைக்கிறோம். ஏஜெண்டிடம் ஐந்து கேள்வி கேட்பது அதைவிடப் பெரிய காரியமா?



குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டிலிருந்து கூலி வேலை செய்கிறோம்? எத்தனை பேரிடம் அவரவர் பெயரில் அட்டை இருக்கிறது?

2. ஒரு மணி நேரத்துக்கு நமக்கு எவ்வளவு கிடைக்கிறது? எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் உதவுகிறவர்களின் நேரத்தையும் சேர்க்க மறக்காதீர்கள்.

3. இந்த வேலை பத்து வருஷத்தில் நின்றுவிட்டால் நம் ஊரில் வேறு என்ன செய்யலாம்? அதற்கு இந்த வருஷமே தொடங்க வேண்டியது எது?